ஈஸ்டருக்கு சவானா, ரெண்டே ரெண்டு பேர்: எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

பிப்ரவரி முடியறப்போ அட்லாண்டா பக்கம் இருக்குற நம்ம ஆளுங்களுக்கு கால் அரிக்க ஆரம்பிச்சிடும். நானும் எங்க வீட்டுக்காரரும் மூணு ஈஸ்டர் சவானா போயிட்டு வந்துட்டோம், அது தெரிஞ்ச நாள்ல இருந்து பாட்லக்ல, தமிழ்ப் பள்ளி வாசல்ல, வாட்ஸாப்புலன்னு ஒரே கேள்விய ஆளாளுக்கு கேக்குறாங்க. வாய்ஸ் நோட் போட்டு தொண்டை காஞ்சு போச்சு, அதான் எழுதி வெச்சுட்டேன். கேள்வியெல்லாம் கேட்டவங்க வார்த்தையிலயே இருக்கு.

அக்கா, சவானாவுல அப்படி என்னதான் இருக்கு? பீச்சா, மலையா?

ரெண்டும் இல்ல. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்தோட கிழக்கு ஓரத்துல சவானா ஆத்தங்கரையில இருக்குற பழைய ஊர். 1733ல ஜேம்ஸ் ஓகில்தார்ப்ங்கிற ஆங்கிலேயர் வந்து, அங்க இருந்த யாமக்ரா மக்களோட தலைவர் டோமோசிச்சிகிட்ட பேசி ஒத்துக்க வெச்சு, கட்டம் போட்டு கட்டின ஊர். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல ஒரு சின்ன பூங்கா, சுத்தி வீடு, கிழக்கயும் மேக்கயும் கோயிலுக்கும் பொதுக் கட்டிடத்துக்கும் எடம். இந்த பூங்காவத்தான் ஸ்கொயர்ங்கிறாங்க. மொத்தம் 24 போட்டாங்க, இன்னைக்கு 22 இருக்கு.

இந்த ஸ்கொயர்கள்ல ஓக் மர நிழல்ல நடக்கிறது, உக்கார்றது, மறுபடி நடக்கிறது, அவ்வளவுதான் சவானா. ரோலர் கோஸ்டர் எதிர்பார்த்தா ஒர்லாண்டோ போங்க.

ஈஸ்டர் ஏன் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தேதில வருது? எப்படி லீவு போடறது?

வசந்த காலத்துல மார்ச் 21 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால மார்ச் 22ல இருந்து ஏப்ரல் 25 வரைக்கும் எப்ப வேணா வரலாம். 2025ல ஏப்ரல் 20, 2026ல ஏப்ரல் 5, 2027ல மார்ச் 28. எங்க மாமியார் இதுக்கு ஒரு சுருக்கு வழி கண்டுபிடிச்சாங்க, பங்குனி உத்திரம் என்னைக்குன்னு காலண்டர்ல பாரு, அதுல இருந்து பத்து நாளுக்குள்ள ஈஸ்டர் வந்துடும்னு. நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் சரியாத்தான் வருது.

லீவப் பொறுத்தவரை பெரிய வெள்ளி இங்க மத்திய அரசு விடுமுறை கிடையாது, ஈஸ்டர் திங்களும் வேலை நாள்தான். வெள்ளி அல்லது திங்கள், ஏதாச்சும் ஒண்ணு கையில இருந்து போட்டுத்தான் ஆகணும். ரெண்டுல ஒண்ணுன்னா திங்கள் போடுங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

அந்த ரோஸ் கலர் பூவெல்லாம் போட்டோல பார்த்தேனே, அது இருக்குமா?

அது அசேலியா. சவானாவுல மார்ச் நடுவுல இருந்து ஏப்ரல் முதல் வாரம் வரைக்கும் உச்சம். மேல சொன்ன தேதிய வெச்சு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம், ஈஸ்டர் முன்னாடி வர்ற வருஷம் பூ கொட்டிக் கிடக்கும், பின்னாடி தள்ளி வந்தா பாதிக்கு மேல வாடிப் போயிருக்கும். பூவுக்காக மட்டும் போறவங்க ஈஸ்டரக் கட்டிக்கிட்டு அழாதீங்க, பூவைப் பார்த்து தேதி வைங்க.

டிரைவ் எவ்ளோ நேரம்? போரடிக்குமா?

அட்லாண்டாவுல இருந்து சுமார் 250 மைல், நாலு மணி நேரம். ஐ-75ல மேக்கன் வரைக்கும், அங்க இருந்து ஐ-16. போரடிக்குமான்னா, ஐ-16 அளவுக்கு போரடிக்கிற ரோடு நான் பார்த்ததே இல்ல, நேரா போகும், ரெண்டு பக்கமும் பைன் மரம், எக்ஸிட்டுக்கும் எக்ஸிட்டுக்கும் ரொம்ப தூரம். மேக்கன்லயே பெட்ரோல் போட்டு, பாத்ரூம் போயிட்டு, தூங்காத ஆள்கிட்ட ஸ்டியரிங்க குடுத்துடுங்க. வெள்ளி மதியம் கிளம்பினா அட்லாண்டா தாண்டவே உயிர் போகும், காலையில ஆறு மணிக்கு கிளம்பிடுங்க.

சார்ல்ஸ்டன் போலாமா சவானா போலாமான்னு வீட்ல சண்டை, நீங்க சொல்லுங்க.

ரெண்டும் ரெண்டு மணி நேர இடைவெளியில இருக்கு, ஆனா நாலு நாள் இல்லாம ரெண்டையும் சேர்க்காதீங்க. சார்ல்ஸ்டன் 1670ல வந்தது, சவானாவுக்கு அக்கா. சாப்பாட்டுக்கும் கடல் ஓரத்து பெரிய வீடுங்களுக்கும் அது. காரை ஒரு எடத்துல போட்டுட்டு நிழல்ல சும்மா நடக்க சவானா. எங்களுக்கு சவானாதான், அட்லாண்டாவுல இருந்து ஒரு மணி நேரம் கிட்டங்கிறதும் ஒரு காரணம்.

ஹோட்டல் எங்க போடணும்? ஹைவே பக்கம் சீப்பா இருக்கே?

ஹைவே பக்கம் போட்டீங்கன்னா மிச்சம் பிடிச்ச காசு பார்க்கிங்குக்கும் அலைச்சலுக்கும் போயிடும், சாயந்திரம் ரூமுக்கு வந்து காலை நீட்டிட்டு மறுபடி நடக்கப் போறதுதான் இந்த ஊரோட ருசி, அது போச்சு. ஹிஸ்டாரிக் டிஸ்டிரிக்ட் உள்ளயே போடுங்க, ஒரு நாள் குறைச்சாலும் பரவாயில்ல. ஈஸ்டர் வாரக்கடைசிக்கு நிறைய எடத்துல ரெண்டு ராத்திரி கட்டாயம்னு சொல்லுவாங்க, ஜனவரியிலயே பார்த்துடுங்க.

ஒரு எச்சரிக்கை. மொத வருஷம் ஒரு பழைய வீட்டு விடுதியில "கார்டன் லெவல் ரூம்"னு போட்டிருந்தான், ஆஹா தோட்டம்னு புக் பண்ணிட்டோம். போய்ப் பார்த்தா பாதி தரைக்கு அடியில, ஜன்னல் வழியா தெரிஞ்சது ரோட்டுல போறவங்க செருப்பு மட்டும்தான். எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாளும் செருப்பை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு ஆடினார். அங்க வீடெல்லாம் தெருவுல இருந்து படி ஏறி மேல போற மாதிரி கட்டினது, அதனால அடித்தளத்துக்கு இப்படி அழகா பேர் வெச்சுடறாங்க. லிஃப்ட் இருக்கான்னும் கேளுங்க, நெறைய பழைய வீட்டுல கிடையாது, பெட்டியத் தூக்கிட்டு மூணு மாடி ஏறணும்.

கார் இல்லாம சுத்த முடியுமா?

தாராளமா. காரை கராஜ்ல போட்டுட்டு மறந்துடுங்க. தங்கக் கலர் கோபுரம் இருக்குற சிட்டி ஹால்ல இருந்து புல் ஸ்ட்ரீட்டுல தெக்க பார்த்து நடங்க. ஜான்சன், ரைட், சிப்பேவா, மேடிசன், மான்டெரே, அஞ்சு ஸ்கொயர் தாண்டினா ஃபார்சைத் பார்க், 1858ல வெச்ச வெள்ளை நீரூற்று. மொத்தமே ஒரு மைல்தான், ஆனா எங்களுக்கு அரை நாள் ஆச்சு. கால் வலிச்சா டாட்னு ஒரு இலவச பஸ் ஓடுது, ஆத்தக் கடக்குற படகும் இலவசம்.

செருப்பு விஷயத்துல மட்டும் அழகு பார்க்காதீங்க. ரிவர் ஸ்ட்ரீட் இறங்கற படி செங்குத்தா இருக்கும், கீழ தரையெல்லாம் அந்தக் காலத்துல கப்பலோட பாரத்துக்கு ஏத்திட்டு வந்த உருண்டைக் கல்லு. ஹீல்ஸ் போட்டா ஈஸ்டர் முடிஞ்சு எலும்பு டாக்டர்தான்.

டாம் ஹாங்க்ஸ் உக்காந்த பெஞ்ச் எந்த ஸ்கொயர்ல இருக்கு?

ஃபாரஸ்ட் கம்ப் படத்து ஷூட்டிங் நடந்தது சிப்பேவா ஸ்கொயர்ல. பெஞ்ச் படத்துக்காக கொண்டு வந்து வெச்சது, இப்ப ஊர் ஹிஸ்டரி மியூசியத்துல இருக்கு. ஸ்கொயர்ல நடுவுல நிக்கிறது ஓகில்தார்ப் சிலை, அவரோட போட்டோ எடுத்துக்கோங்க.

ஈஸ்டர் ஞாயிறு எல்லாம் மூடிடுவாங்களா?

இதுதான் இந்தப் பக்கத்துலயே முக்கியமான கேள்வி. மொத வருஷம் நாங்க இது தெரியாம காலை பதினொரு மணிக்கு "நல்லதா எதாச்சும் பார்த்து சாப்பிடலாம்"னு கிளம்பினோம். திறந்திருந்த எடத்துல எல்லாம் ஈஸ்டர் பிரஞ்ச் (காலை, மதியம் ரெண்டும் சேர்ந்த சாப்பாடு), முன்பதிவு இல்லாம உள்ள விடல, மத்ததெல்லாம் பூட்டு. கடைசில பெட்ரோல் பங்க்ல சிப்ஸ் வாங்கி ஸ்கொயர்ல உக்காந்து சாப்பிட்டோம், பக்கத்துல வெளிர் மஞ்சள் சூட்டு, பெரிய தொப்பின்னு சர்ச் முடிஞ்சு வந்த குடும்பங்கள் எங்களப் பார்த்து "ஹாப்பி ஈஸ்டர்" சொல்லிட்டு போச்சு.

அதனால பிரஞ்ச் வேணும்னா மூணு நாலு வாரம் முன்னாடியே டேபிள் போடுங்க, வேணாம்னா சனிக்கிழமையே ரொட்டி பழம் வாங்கி ரூம்ல வெச்சுக்கோங்க. சனி காலையில ஃபார்சைத் பார்க் தெக்குப் பக்கம் உழவர் சந்தை நடக்கும், அங்கயே வாங்கலாம். மியூசியம், பழைய வீடு டூர் எல்லாத்தையும் வெள்ளி சனியிலயே முடிச்சிடுங்க, ஞாயிறு போகணும்னா போன் பண்ணிட்டு போங்க. ஸ்கொயருக்கும் பார்க்குக்கும் கதவு கிடையாது, ஞாயிறுக்கு அது போதும். திங்கள் லீவு போடச் சொன்னதும் இதுக்குத்தான், ஞாயித்துக்கிழமைய அவசரமில்லாம கழிச்சிட்டு மறுநாள் கிளம்பலாம்.

நாங்க ப்யூர் வெஜ், பட்டினி கிடக்கணுமா?

பட்டினி இல்ல, ஆனா ஒவ்வொண்ணையும் கேட்டு கேட்டு சாப்பிடணும். தெற்கத்தி சமையல்ல காய்கறின்னு பேர் இருந்தாலே நம்பாதீங்க, காலர்ட் கீரையப் பன்னிக் கால் எலும்பு போட்டுத்தான் வேக வெப்பாங்க, பீன்ஸ்ல பேக்கன் இருக்கும், நம்ம தக்காளி சாதம் மாதிரி இருக்குற ரெட் ரைஸ்ல சாசேஜ் ஒளிஞ்சிருக்கும். பச்சைத் தக்காளி வறுவல், பிமெண்டோ சீஸ், மக்ரோனி, பிஸ்கட் எல்லாம் பெரும்பாலும் ஓகே. கிரிட்ஸ்னு ஒண்ணு வரும், சோள ரவையில தாளிக்காத உப்புமா, கையில ஊறுகாய் பாட்டில் இருந்தா பிரமாதம்.

நான்வெஜ் சாப்பிடறவங்க ஜோன்ஸ் ஸ்ட்ரீட்ல இருக்குற மிஸஸ் வில்க்ஸ் போங்க, வார நாள் மதியம் மட்டும்தான். முன்பின் தெரியாத பத்து பேர் ஒரே மேசையில உக்காந்து பாத்திரத்தக் கை மாத்தி கை மாத்தி போட்டுக்கணும், நம்ம பந்தி மாதிரியேதான், பரிமாறத்தான் ஆள் கிடையாது. ப்ராட்டன் ஸ்ட்ரீட்ல லியோபோல்ட்ஸ் ஐஸ்க்ரீம், 1919ல ஆரம்பிச்ச கடை. லைன் தெரு முனை வரைக்கும் போகும், ராத்திரி சாப்பாட்டு நேரத்துல போனா கொஞ்சம் குறையும்.

ரோட்டுல கையில பீர் வெச்சுக்கிட்டே நடக்கலாமாமே, நெஜமா?

நெஜம்தான். ஹிஸ்டாரிக் டிஸ்டிரிக்ட்டுக்குள்ள, பிளாஸ்டிக் கப்புல, 16 அவுன்ஸுக்குள்ள, ஆளுக்கு ஒண்ணு. பாட்டில், கேன் கூடாது, எல்லை தாண்டினா கூடாது. பாருல கேட்டா அவங்களே ஊத்திக் குடுப்பாங்க. ஊர்ல பழகின பயத்துல எங்க வீட்டுக்காரர் போலீஸ் வண்டியப் பார்த்ததும் கப்ப முதுகுக்குப் பின்னாடி மறைச்சார், அது வேற கதை.

நாங்க இந்து, ஈஸ்டர் பூசைக்கு அந்த பெரிய சர்ச்சுக்குள்ள போகலாமா?

வேளாங்கண்ணிக்குப் போகாத வீடு நம்மள்ல எத்தனை? போகலாம். நீங்க சொல்றது லஃபாயெட் ஸ்கொயர்ல ரெட்டைக் கோபுரத்தோட நிக்கிற செயின்ட் ஜான் பேராலயம். 1876ல திறந்து, 1898ல தீப்பிடிச்சு, 1900ல திரும்பக் கட்டினது, 2020ல பசிலிக்கா ஆச்சு. இதுல ஒரு வேடிக்கை, ஜார்ஜியா காலனிக்கு ராஜா குடுத்த பட்டயத்துல கத்தோலிக்கர்களுக்கு மட்டும் வழிபாட்டு உரிமை கிடையாது. இன்னைக்கு ஊர்லயே பெரிய அடையாளம் அவங்க கோயில்தான்.

ஞாயிறு காலை பூசைக்கு கூட்டம் நெரியும். என்னைக் கேட்டா சனி ராத்திரி பாஸ்கா திருவிழிப்புக்கு போங்க. கோயில் முழுக்க இருட்டு, வெளிய புதுத் தீ மூட்டி அதுல பாஸ்கா திரிய ஏத்தி உள்ள கொண்டு வருவாங்க, அந்த ஒரு தீயில இருந்து கைக்கு கை மெழுகுவத்தி பத்திக்கிட்டு வரும். எனக்கு திருவண்ணாமலை தீபம்தான் ஞாபகம் வந்துச்சு. ரொம்ப நேரம் நடக்கும், பின்னாடி ஓரமா உக்காருங்க. நற்கருணை கத்தோலிக்கர்களுக்கு மட்டும், எல்லாரும் எந்திரிச்சுப் போறப்போ நீங்க உக்காந்தே இருக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நான் பட்டுப் புடவையில போனேன், வெளிய வர்றதுக்குள்ள நாலு பாட்டிங்க முந்தானையத் தொட்டுப் பார்த்துட்டாங்க.

மரத்துல தொங்குற அந்த சாம்பல் நிறத் தாடிய வீட்டுக்கு எடுத்துட்டு வரலாமா?

வேணாம். பேரு ஸ்பானிஷ் மாஸ், ஸ்பானிஷும் இல்ல பாசியும் இல்ல, அன்னாசிப் பழத்தோட குடும்பத்துச் செடி, காத்துல இருந்தே ஈரம் குடிச்சு வாழுது, மரத்த உறிஞ்சாது. தரையில விழுந்து கிடக்கிறதுல சிகர்னு கண்ணுக்கு தெரியாத பூச்சி இருக்கும், கொஞ்சம் எடுத்து தலையில வெச்சு போட்டோ எடுத்துட்டு ஒரு வாரம் சொறிஞ்ச ஆள எனக்குத் தெரியும்.

அதே மாதிரி சாண்ட் நாட்னு ஒரு கொசுவுக்குத் தம்பி, வசந்த காலத்துலதான் அதுக்கு சீசன், காத்தில்லாத சாயந்திரம் சதுப்பு நிலத்துப் பக்கம் பிச்சு எடுத்துடும். இதோட மஞ்சள் மகரந்தமும் சேரும். அலர்ஜி மாத்திரை, பூச்சி ஸ்ப்ரே ரெண்டும் பையில இருக்கட்டும்.

டைபீ பீச்ச எந்த நாள் வைக்கலாம்?

ஞாயிறு மதியம் மட்டும் வேணாம். ஊர்ல இருந்து 18 மைல், உள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் ஒரே ரோடு, வெயில் அடிச்சா மொத்த ஜனமும் அதுலதான். வெள்ளி சாயந்திரம் போங்க. தண்ணி ஏப்ரல்லயும் சில்லுனுதான் இருக்கும், கால் நனைக்கலாம். லைட்ஹவுஸ்ல 178 படி, ஏறலாம்.

குழந்தைங்கள விட்டுட்டு நாங்க மட்டும் போறது தப்பா தெரியுது, நீங்க எப்படி போனீங்க?

மாமியார் மாமனார் விசிட்டர் விசாவுல வந்திருந்த வருஷம் மொத தடவ போனோம், அவங்கதான் துரத்தி விட்டாங்க. மத்த ரெண்டு வருஷம் ஒரு ஃப்ரெண்ட் வீட்ல விட்டோம், பதிலுக்கு அவங்க பசங்கள நாங்க மே மாசம் வெச்சுக்கிட்டோம். இந்த கொடுக்கல் வாங்கல் ஏற்பாடு நல்லா ஓடுது. மொத நாள் ராத்திரி எட்டு தடவ போன் பண்ணேன், மூணாவது தடவையே பையன் "அம்மா நாங்க விளையாடறோம்"னு கட் பண்ணிட்டான்.

எனக்கு உக்காரணும், அவருக்கு ஓடி ஓடி பார்க்கணும். இதே சண்டைக்கு அங்க போகணுமா?

எங்க கதையும் இதேதான். அவர் எக்ஸெல் ஷீட்டோட வருவார், நான் காபியோட வருவேன். மொத வருஷம் ஒரே நாள்ல 22 ஸ்கொயரையும் முடிக்கணும்னு கிளம்பினார், பதினொண்ணாவதுல நான் உக்காந்துட்டேன், பேச்சு வார்த்தை இல்ல. ரெண்டாவது வருஷத்துல இருந்து காலை அவரோடது, சாயந்திரம் என்னோடது. காலையில அவர் வார்ம்ஸ்லோ போவார், நானூறுக்கு மேல ஓக் மரம் ஒண்ணரை மைலுக்கு வளைவு கட்டி நிக்கும். டேவன்போர்ட் வீடு போவார். 1954ல பழைய மார்க்கெட்ட இடிச்சு பார்க்கிங் கராஜ் கட்டினப்போ ஏழு பெண்கள் சேர்ந்து, அடுத்த வருஷம் 22,500 டாலருக்கு இந்த வீட்ட வாங்கி இடிக்காம தடுத்தாங்க, அப்படி ஆரம்பிச்சதாலதான் மிச்ச ஊர் நிக்குது. சாயந்திரம் நான் எந்த பெஞ்சக் காட்டறேனோ அங்க அவர் உக்காரணும், போன் பையில.

இவ்ளோ அழகான ஊரு, ஆனா அடிமைங்க கட்டினது தானே? ரொமான்டிக்னு போறது உறுத்தாதா?

உறுத்தும், உறுத்தணும். ஆரம்பத்துல இந்தக் காலனியில அடிமை முறை தடை, அந்தத் தடைய 1751ல எடுத்துட்டாங்க, அப்புறம் அரிசி, பருத்திக் காசுலதான் நீங்க போட்டோ எடுக்குற மாளிகையெல்லாம் வந்துச்சு. 1859 மார்ச்ல ரெண்டு நாள் ஊருக்கு வெளிய குதிரைப் பந்தய மைதானத்துல 436 பேர ஏலம் விட்டாங்க, ரெண்டு நாளும் மழை, அதுக்கு "அழுகை நேரம்"னு பேர் வந்துச்சு.

ஒதுக்கிட்டுப் போறதுக்கு பதிலா ரெண்டு எடத்துக்குப் போங்க. ஒண்ணு ஓவன்ஸ்-தாமஸ் வீடு, மாளிகையோட அடிமைகள் இருந்த கட்டிடத்தையும் சேர்த்துக் காட்டுவாங்க. இன்னொண்ணு ஃபிராங்க்ளின் ஸ்கொயர்ல ஃபர்ஸ்ட் ஆப்பிரிக்கன் பாப்டிஸ்ட் சர்ச், பகல் வேலை முடிச்சு ராத்திரி ராத்திரியா அவங்களே கட்டினது. தரைப்பலகையில வைர வடிவத்துல ஓட்டை போட்டிருக்கும், தப்பிச்சு வந்தவங்க கீழ ஒளிஞ்சிருந்தப்போ மூச்சு விடன்னு அந்தச் சபையில சொல்லுவாங்க. அதப் பார்த்துட்டு வந்த அன்னைக்கு சாயந்திரம் நாங்க ரெண்டு பேரும் அதிகம் பேசல. ஊரும் இதப் பேச ஆரம்பிச்சிருக்கு, அடிமை முறைய ஆதரிச்ச கால்ஹூன் பேர்ல இருந்த ஸ்கொயருக்கு, அடிமையாப் பிறந்து டீச்சரான சூசி கிங் டெய்லர் பேர 2023ல வெச்சாங்க.

திரும்பி வர்றப்போ நிறுத்திப் பார்க்க எதாச்சும் இருக்கா, ஐ-16ல தான் ஒண்ணும் இல்லன்னுட்டீங்களே?

கொஞ்சம் சுத்து வழி பரவாயில்லன்னா எபனேசர் போங்க, சவானாவுக்கு வடக்க சுமார் 25 மைல், ஆத்தங்கரையில. ஆஸ்திரியா பக்கம் சால்ஸ்பர்க்ல இருந்து மதத்துக்காக விரட்டப்பட்ட லூத்தரன்ங்கிற புராட்டஸ்டன்ட் பிரிவு மக்கள் 1734ல வந்து, 1736ல இந்த ஆத்தங்கரைக்கு மாறிக் குடியேறின ஊர், இப்ப மிஞ்சி நிக்கிறது 1769ல கட்டின செங்கல் சர்ச்சும் கல்லறையும். அவங்களுக்கு பாதிரியாரா வந்த போல்ட்சியஸ் ஜெர்மனியில ஹாலேங்கிற ஊர்ல இருந்து வந்தவர். 1706ல நம்ம தரங்கம்பாடிக்கு வந்து தமிழ்ல அச்சுப் போட்ட சீகன்பால்குவும் அதே ஹாலேல படிச்சவர்தான். ஒரே எடத்துல இருந்து ஒரு கை இந்தப் பக்கம், ஒரு கை நம்ம ஊர்ப் பக்கம். மாயவரத்துக்காரர் எங்க வீட்டுக்காரர், இதக் கேட்டதும் எக்ஸெல் ஷீட்டுல இல்லாத எடத்துக்கு மொத தடவையா வண்டியத் திருப்பினார்.

திங்கள் காலை யாருமே இல்ல. சர்ச் செவுத்துல சில செங்கல்ல சின்னச் சின்ன விரல் தடம் இருக்கும், மண்ணு காயறதுக்கு முன்னாடி தூக்கிட்டுப் போன குழந்தைங்களோடதுன்னு சொல்றாங்க. அவர் சுண்டுவிரல வெச்சுப் பார்த்தார், உள்ள போகல. கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டு, வழியில வேக வெச்ச கடலை விக்கிற வண்டி இருந்தா நிறுத்தச் சொல்லுன்னார், கிளம்பிட்டோம்.